மாட்டுக்கறி: கலகமும் கணக்கும்

தலித் இலக்கியத்துக்குள் மாட்டுக்கறி வந்தபோது அது கலகமாகத்தான் வந்தது. 1991 அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுத வந்தவர்களில் ஒரு மாட்டுக்கறிக் கவிதையாவது எழுதாதவர்கள் குறைவு. நானும் எழுதினேன். புனிதத்தின் முகத்தில் எலும்பை வீசுவதாக அது முடியும். கூட்டத்தில் வாசித்தேன், நல்ல கைத்தட்டல். அதே சூட்டோடு வீட்டுக்கு வந்து எங்கம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "இன்னாடா கலகம்? ஆட்டுக்கறி வாங்க துட்டு இல்ல, அதான் இத்த வாங்குனேன்" என்றது.

இந்தப் பதிலை எதிர்கொள்ளும் விமர்சனம் இன்றுவரை நம்மிடம் இல்லை. கறியைக் குறியீடாக்கிவிட்டோம். கறி வாங்கிய கையை விட்டுவிட்டோம்.

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய மண்ணூர்பேட்டையில் நாங்கள் ஏழு பேர். அப்பாவுக்குக் கான்ட்ராக்ட் வேலை, வேலை இருந்தால் கூலி. ஞாயிற்றுக்கிழமை எங்கம்மா பூந்தமல்லிப் பக்கம் போய் மாட்டுக்கறி வாங்கியாரும். ஆட்டுக்கறி விலையில் அது பாதிகூட வராது. தனிச்சதை கேட்காது. கொழுப்பும் எலும்பும் கலந்த கூறாகத்தான் கேட்கும். கொழுப்பைச் சட்டியில் உருக்கினால் வெங்காயம் வதக்க எண்ணெய் வேண்டாம். எலும்பு அன்றைக்குக் குழம்பு. சதையை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்துக் கொடியில் காயப்போடும். காக்கா விரட்டுவது என் வேலை. காய்ந்த உப்புக்கண்டம் மாசக் கடைசிவரைக்கும் வரும். நாலு துண்டைத் தட்டிக் கத்திரிக்காய்க் குழம்பில் போட்டால் சட்டி முழுக்கக் கறி வாசம். அந்தக் கத்திரிக்காயும் பொழுது சாய்ந்தபிறகு மார்க்கெட்டில் கூறுகட்டிக் கழித்துப் போட்டது. பழைய சோற்றுக்குச் சென்னாக்குன்னி, இல்லாத நாளில் வறுத்த மிளகாய். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், கையில் காசில்லாத பத்து நாளைக்கு, ஏழு வயிற்றை எப்படிக் கடத்துவது என்கிற அறிவு இது. இதை நம் கவிதை 'பசி' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறது.

மற்றவர்கள் எழுதியதைச் சொல்லவே வேண்டாம். அங்கே ஏழை கஞ்சிக்கு அழுவான், எழுத்தாளர் இரங்குவார். கஞ்சி எப்படிக் காய்ச்சப்பட்டது என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. தமிழில் சமையல் புத்தகம் என்றதும் எல்லோரும் சொல்வது மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951ல் வந்தது. பிராமண வீட்டுச் சைவச் சமையல். அந்த அம்மாள் தன் வீட்டுச் சமையலை எழுதினார், அதில் குற்றமில்லை. அது 'தமிழ்ச் சமையல்' ஆனதும், உப்புக்கண்டம் அந்தக் கணக்கில் ஏறாமல் போனதும்தான் விஷயம். மராத்தியில் ஷாஹு பட்டோளே 2015ல் மகர், மாங் மக்களின் உணவை ஒரு புத்தகமாகவே எழுதிவிட்டார். 'அன்னம் பூரண பிரம்மம்' என்பது அங்கே வழங்கும் வாக்கு. அவர் புத்தகத்துக்கு 'அன்னம், அது அபூர்ண பிரம்மம்' என்று பொருள்படப் பெயர் வைத்தார். நாம் இன்னும் எலும்பை வீசிக்கொண்டிருக்கிறோம்.

அரசாங்கமும் மலிவாகச் சோறு போடுகிறது. ரேஷன் அரிசி 2008ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். 2013ல் சென்னையில் அம்மா உணவகம் வந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். 2011லேயே மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட அம்பத்தூருக்கும் அது கிடைத்தது. எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்களுக்கு விடியற்காலை அடுப்பிலிருந்து கொஞ்சம் விடுதலை. இதைக் கிண்டல் செய்கிறவர்கள் ஒருநாளும் அந்த வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தட்டில் முட்டைகூடக் கிடையாது. 1989லேயே பள்ளிக்கூடச் சத்துணவில் முட்டை வைத்த நாடு இது. மலிவாகக் கொடுப்பதென்றால் சைவமாகத்தான் கொடுக்கவேண்டும் என்று யார் முடிவு செய்தது? எங்கம்மாவைக் கேட்டிருந்தால் 5 ரூபாய்க்கு என்ன போடலாம் என்று வேறு கணக்குச் சொல்லியிருக்கும்.

அடுத்தவர்களைக் கேள்வி கேட்கிற நான் என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கவிதை அச்சில் வந்த வருஷம் நான் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். மதியச் சாப்பாட்டில் உப்புக்கண்டக் குழம்பு. பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கை உறிஞ்சி, "இன்னாபா வாசம்?" என்றான். "கருவாடு" என்றேன். மூடியைப் பாதி சாத்திக்கொண்டுதான் தின்றேன். அவன் மோசமானவன் இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் மறுநாள் தள்ளி உட்காருவானோ என்று இருந்தது. கூட்டத்தில் கலகமாக இருந்தது டிபன் பாக்ஸில் பயமாக இருந்தது. தோழர்களே, இந்த இரண்டாவது கவிதையை நம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

இப்போது எங்கம்மா சொல்லச்சொல்ல ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஸ்பூன் கணக்கு, கிராம் கணக்கு அதுக்கு வராது. "ஏழு பேருக்கு அரைக்கிலோ, விருந்தாளி வந்தா இன்னொரு சொம்பு தண்ணி" என்றுதான் அளவே வரும். ஏழு பேருக்குத் துண்டு எப்படிப் பிரித்தாய் என்று கேட்டேன். அப்பாவுக்கு இத்தனை, பெரியவனுக்கு இத்தனை என்று விரல் மடக்கிச் சொன்னது. ஆறு பேரோடு கணக்கு நின்றுவிட்டது.

"உனக்கு?"

"எனக்குக் கொயம்பு இருந்துச்சே."

இந்த வரியையும் நோட்டில் சேர்த்திருக்கிறேன். அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. அதெல்லாம் எதுக்கு, மஞ்சள் அளவைத் தப்பா எழுதி வெச்சிருக்கே, அத்த மொதல்ல அடி என்கிறது.