மகர வாயிலும் யானை விளக்கும்

கடற்கரையே இல்லாத மாகாணம் சப்பிரகமுவ. ஆயினும் அங்குள்ள விகாரை வாயில்கள் பலவற்றின் மேலே கடல் விலங்கொன்று வளைந்து நிற்கிறது. யானையின் துதிக்கையும் முதலையின் வாயும் மீனின் உடலும் கொண்ட மகரம் அது, வருணனின் ஊர்தி. அதே மகரந்தான் நமது கோயில்களில் உற்சவ மூர்த்தியைச் சூழ்ந்த திருவாசியின் இரு முனைகளிலும் வாய் பிளந்திருக்கிறது. முன்னது பெரும்பாலும் சுதையும் மரமும், பின்னது வார்ப்பு. இரு இனங்களையும் வேலி போட்டுப் பிரிப்போர் இவ்விலங்கை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்களோ?

கேகாலை மாவட்டத்துத் தெதிகமத் தூபியில் கிடைத்த யானை விளக்கு 12ஆம் நூற்றாண்டு வெண்கலப் படைப்பு. யானையின் வயிறே எண்ணெய்க் கலம். கீழுள்ள தட்டில் எண்ணெய் குறையும்போது காற்று உட்புகுகிறது, எண்ணெய் வழிகிறது. மட்டம் நிறைந்ததும் தானே நின்றுவிடுகிறது. அழகும் பயனும் இங்கே வேறுவேறல்ல. இத்தகைய வார்ப்பில் மெழுகால் உருச்செய்து, மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்து, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவர். அச்சை உடைத்தே உருவை எடுக்கவேண்டுமாதலால், ஓரச்சு ஓருருவுக்கே. விளக்கைப் புகழ்வோர் முதலாம் பராக்கிரமபாகுவின் பெயரைச் சொல்லத் தவறுவதில்லை. வார்த்தவனுக்குப் பெயரில்லை.

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' இந்தக் கைவினைஞருக்கு முதன்முதலாக உரிய மதிப்பளித்த நூல்களுள் ஒன்று. அந்நியராட்சியால் அவர்கள் அழிந்ததை அவர் கண்டார். அவர்களை நிலத்தோடும் சாதியோடும் பிணைத்த இராசகாரிய முறையை மட்டும் மிகவும் கனிவோடு நோக்கிவிட்டார் என்பதே நமது குறை.

இன்று செல்வர் மாளிகைகளுக்கும் உல்லாச விடுதிகளுக்கும் அலையும் சங்கும் பவளமும் புடைத்த கதவுகளையும் விளக்குகளையும் வார்க்கிறார்கள். சாந்து, சீமெந்து வார்ப்புகளுக்கு நெகிழும் அச்சாக இறப்பர்ப் பாலும் பயன்படுகிறது. அச்சை உடைக்கவேண்டியதில்லை, நூறு அலைகளை ஒரே முகத்தோடு எடுக்கலாம். இயந்திரத்தையோ புதிய பொருளையோ நாம் பழிக்கவில்லை. ஆனால் இலங்கையில் இறப்பர் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் ஒன்று கேகாலை. விடியுமுன் மரம் சீவிப் பால் சேர்க்கும் தோட்டப் பெண்ணின் லயத்துக் கதவு எத்தகையது? நெடுங்காலம் அவளது விளக்கு மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு.

அவளது முன்னோர்க்குக் கடல் அலங்காரமன்று. 19ஆம் நூற்றாண்டில் அதைக் கடந்து, மன்னாரிலிருந்து காடு வழியே நடந்து மலையேறினார்கள். வழியில் மடிந்தோர் பலர். 1948இல் அவர்களது சந்ததியாரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கிற்று. தலைமன்னாரில் மீண்டும் கப்பல். இந்தக் கடலை வார்த்த கதவு ஒன்று நமக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. அதை விடுதிக்காரர் கேட்கமாட்டார்.

தோட்டப் பாடசாலைகளில் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் களிமண்ணையும் இறப்பர்ப் பாலையும் மாணவர் கையில் கொடுக்கலாம். தெதிகமத் தூபியடிக்கு அழைத்துச் சென்று, யானையின் வயிற்றில் எண்ணெய் எவ்வாறு தங்கிற்று என்பதையும் விளக்கலாம்.