சுரங்கத்திலிருந்து வாசிக்கப்படும் யோபு: பாலகாட் நோக்கில் ஒரு திறனாய்வு

அன்றாட வாழ்வின் ஒரு பொருளையோ தொழிலையோ எடுத்துக்கொண்டு, அதனுள் மறைப்பொருள் ஒன்றைக் கண்டு, மறைநூல் வசனத்தோடு பொருத்திக் காட்டுவது தமிழ்க் கிறித்தவ உரைமரபில் வேரூன்றிய முறையாகும். விதை, வலை, விளக்கு, புளித்த மா ஆகியவற்றைக் கொண்டு இயேசு பேசிய உவமைகளே இதற்கு முன்மாதிரி. தமிழில் இம்முறைக்குத் தனி இலக்கிய வரலாறும் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) குறவஞ்சி, நொண்டி நாடகம், ஏற்றப்பாட்டு எனத் தம் காலத்து மக்கள் வடிவங்களை எடுத்து, 'ஞானம்' என்னும் அடையைச் சேர்த்தும் சேர்க்காமலும் கிறித்தவப் பொருளுக்கு ஆளாக்கினார். நீர் இறைப்போர் சால்களை எண்ணிப் பாடும் பாட்டே சமயப்பாட்டின் உடலாகிவிடும் நிலையை அவரது ஞான ஏற்றப்பாட்டில் காணலாம்.

வயலும் கிணறும் இவ்வாறு சமயப் பொருள் பெற்ற அளவுக்குச் சுரங்கம் பெறவில்லை. தமிழர் வாழ்வில் சுரங்கம் இல்லாமையால் நேர்ந்த குறை அன்று இது. கோலார் தங்கவயலில் 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் மேலாண்மையில் நவீன முறைச் சுரங்கத் தொழில் நிலைபெற்ற நாள்முதல் வடஆர்க்காடு, சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பல்லாயிரவர் அங்குக் குடியேறினர். மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க் ஆகிய பெருஞ்சுரங்கங்களோடு வடபுறத்தே பாலகாட் சுரங்கமும் இயங்கியது. பின்னாளில் எஞ்சி நின்ற நான்கனுள் பாலகாட் இடம்பெறவில்லை. சுரங்கம் ஓய்ந்த பிறகும் பெயர் மட்டும் ஊர்ப்பெயராய் நிலைத்தது. அவ்விடத்தில் நின்று மறைநூலின் ஒரே சுரங்கப் பாடலாகிய யோபு 28ஆம் அதிகாரத்தை வாசித்தால் பொருள் எவ்வாறு அமையும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

புடமும் பொன்னும்

பொன்னைப் பற்றிய சமய உரைகளில் மிகுதியும் ஆளப்படுவது புடமிடும் உவமை. நீதிமொழிகள் 17:3, மல்கியா 3:3, 1 பேதுரு 1:7 ஆகிய இடங்கள் இதற்கு ஆதாரமாகின்றன. உருகிய வெள்ளியில் தட்டான் தன் முகம் தெரியும்வரை காத்திருப்பான் என்னும் கதை மேடைதோறும் சொல்லப்படுவது. மறைநூலில் அது இல்லை என்பதைச் சொல்வோர் சிலரே. இவ்வுவமை தட்டான் பட்டறையிலிருந்து எழுவது. அங்குப் பொன் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அழுக்கை நீக்குவதே வேலை.

தங்கவயலின் பொன் அவ்வாறு கிடைத்ததன்று. படிகப்பாறையில் கண்ணுக்குத் தெரியாத துகளாய்க் கலந்துகிடந்த பொன்னை எடுக்க முதலில் பாறையை வெடிவைத்துப் பிளந்தனர், மேலேற்றி ஆலையில் இடித்துத் தூளாக்கினர், பாதரசத்தில் ஒட்டவைத்தனர், எஞ்சியதைச் சயனைடு கரைசலில் கரைத்துப் பிரித்தனர். நெருப்பு கடைசியில்தான் வருகிறது. பிற்காலத்தில் ஒரு டன் பாறைக்குக் கிடைத்த பொன் சில கிராம் அளவே. எஞ்சிய தூள் மூன்று கோடி டன்னுக்கும் மேலாகக் குவிந்து, ஊர் நடுவே சயனைடு மேடுகளாய் இன்றும் நிற்கிறது. காற்று வீசினால் வீட்டுக்குள் வருகிறது. அடியில் உழைத்தவருள் பெரும்பாலோர் தாம் வெட்டிய பாறையிலிருந்து வந்த பொன்னைக் கட்டியாகக் கண்டதே இல்லை. ஆகவே 'நீ பொன், துன்பம் புடம்' என்று தங்கவயல் மக்களை நோக்கி உரைப்பது, அவர்கள் தொழிலிலிருந்து உவமை எடுப்பதாகத் தோன்றினும், உண்மையில் அவர்கள் தொழிலை அறியாத உவமையே ஆகும்.

தொல்காப்பியர் உள்ளுறை உவமத்துக்கு வகுத்த நெறி இங்கு நினைக்கத்தக்கது. கருப்பொருள்களுள் தெய்வத்தை நீக்கி ஏனையவற்றையே அது நிலமாகக் கொள்ள வேண்டும் என்கிறார் அவர். எருமை எருமையாகவும் தாமரை தாமரையாகவும் தம் இயல்பில் முழுமையாக நின்ற பின்னரே உள்ளே மற்றொரு பொருள் தோன்ற இடமுண்டு. சமய உவமைக்கு இவ்விலக்கணம் நேரே பொருந்தாதெனினும், அதன் உள்ளீடான கட்டளை பொருந்துகிறது. தெய்வப்பொருளை முதலிலேயே பொருளின்மேல் ஏற்றிவிட்டால், பொருள் தன் இயல்பை இழக்கிறது.

28ஆம் அதிகாரமும் மொழிபெயர்ப்பும்

யோபு 28இன் ஆசிரியர் இக்கட்டளையைக் காத்தவர். முதல் பதினொரு வசனங்களிலும் அவர் கடவுளைப் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. உலோகம் கிடைக்கும் இடம், இருளுக்கு எல்லை கட்டும் மனிதன், மரண இருளில் கிடக்கும் கல், கழுகின் கண்ணுக்கும் தெரியாத பாதை, பாறையில் வெட்டிய வாய்க்கால், கசியும் நீரை அடைத்தல் எனத் தொழிலே பேசுகிறது. 5ஆம் வசனம் மேற்பரப்பில் உணவு விளைவதையும் அடியில் நெருப்பால் புரட்டப்பட்டது போன்ற நிலையையும் எதிரெதிரே வைக்கிறது. மேலே கேழ்வரகுக் கொல்லையும் கீழே வெடிமருந்துமாய் இருந்த கோலார் நிலத்துக்கு இதைவிட நெருங்கிய வருணனை அமைவது அரிது.

4ஆம் வசனம் எபிரேய மூலத்தில் மிகவும் இடர்ப்பாடுடையது. தமிழ்ச் சீர்திருத்தச் சபைகள் வழங்கும் பவர் திருப்பதிப்பில் (1871) இவ்வசனம் பெருகிவரும் ஆற்றையும், உழைப்பாளிகள் அதை வற்றச் செய்வதையும் பற்றியதாக அமைகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியமோ, குடியிருப்புக்குத் தொலைவில் தோண்டப்பட்ட சுரங்கத்தையும், நடப்போரால் மறக்கப்பட்டு ஆழத்தில் தொங்கி ஊசலாடும் மனிதரையும் காட்டுகிறது. மூலச்சொற்களுக்கு இன்று அறிஞர் பலர் கொள்ளும் பொருள் இரண்டாவதே. முதற்பதிப்பு வெளிவந்தபோது தங்கவயலில் பெருஞ்சுரங்கம் தோன்றவில்லை என்பது கருதத்தக்கது. 1871இன் தமிழுக்கு ஆறு தெரிந்திருந்தது; கூண்டில் இறங்கும் மனிதன் தெரிந்திருக்கவில்லை.

இதன் விளைவு சிறியதன்று. கம்பிவடத்தில் தொங்கும் கூண்டில் நாள்தோறும் இறங்கிய தமிழர், தம்மை நேரே குறிக்கும் ஒரே வசனத்தைத் தம் கையிலிருந்த பதிப்பில் காண இயலாமற் போயினர். மறக்கப்பட்டவர் என்னும் சொல்லும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் பழைய பதிப்பின் வாசிப்பை முற்றிலும் தள்ளிவிடலாகாது. நீரை வடித்தல் சுரங்கத்தின் ஓயாத வேலை. 11ஆம் வசனமும் அதையே சொல்கிறது. 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பின், நீரேற்றம் நின்று, மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் கண்ட அச்சுரங்கங்களில் நீர் நிரம்பியது. உழைப்பாளியின் கை இருக்கும்வரைதான் ஆறு வற்றும் என்பதை மொழிபெயர்ப்பாளர் அறியாமலே சொல்லியிருக்கின்றனர்.

யார் சொல்வது?

12ஆம் வசனத்தில் பாடல் திரும்புகிறது. இத்தனையும் கண்டெடுக்கும் மனிதனுக்கு ஞானம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறது. ஆழம் தன்னிடம் இல்லை என்கிறது, கடலும் அவ்வாறே. 15 முதல் 19 வரையுள்ள வசனங்களில் பொன்னைக் குறிக்கும் எபிரேயச் சொற்கள் நான்கு ஐந்து முறை வருகின்றன. ஐந்து முறையும் பொன் விலையாகாமல் திரும்புகிறது. பொன்னின் மதிப்பைச் சொல்லி அதைக்கொண்டு ஆன்மாவைப் புகழும் வழக்கமான உரைக்கு இது நேர்மாறானது. பொன்னெடுக்கும் தொழிலின் அருமையை முழுமையாக ஒப்புக்கொண்டு, பொன்னை மட்டும் இறக்கி வைக்கிறது இப்பாடல்.

புடமிடும் உவமை யோபு நூலிலேயே உண்டே என்று கேட்கலாம். 23:10இல் யோபு தான் சோதிக்கப்பட்டால் பொன்னாக வெளிப்படுவதாகக் கூறுகிறான். இங்குக் கூற்று யாருடையது என்பதே முதன்மையானது. முந்தைய அதிகாரத்தில் எலிப்பாஸ், பொன்னைப் புழுதியில் எறிந்துவிட்டுச் சர்வவல்லவரையே பொன்னாகக் கொள்ளும்படி யோபுவுக்கு அறிவுரை வழங்குகிறான் (22:24-25). அனைத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருப்பவனிடம் பொன்னைத் துறக்கச் சொல்லும் அறிவுரை அது. துன்புறுபவன் தன்னைப் பற்றித் தானே சொல்லும் 'பொன்' வேறு. அருகில் நலமாய் அமர்ந்திருப்பவன் அவனுக்குச் சொல்லும் 'பொன்' வேறு. பிறர் துன்பத்தில் விரைந்து பாடம் கண்டவர்கள் இந்நூலில் நண்பர்களே. 42:7இல் கடவுளின் சினத்துக்கு ஆளாகிறவர்களும் அவர்களே. பாறைத்தூளால் நுரையீரல் கெட்டவரிடமும், வேலை இழந்து நாள்தோறும் விடியலில் பெங்களூருக்கு ரயிலேறுபவரிடமும் புடத்தைப் பற்றிப் பேச எழும் உரையாளர் தாம் யாருடைய இருக்கையில் அமர்ந்திருக்கிறார் என்பதை நோக்குதல் வேண்டும்.

மத்தேயு 13:44இன் புதையல் உவமையும் இவ்வகையில் தங்கவயலில் சிக்கலுறுகிறது. நிலத்தில் புதையலைக் கண்டவன் தனக்குள்ள யாவற்றையும் விற்று அந்நிலத்தை வாங்குகிறான். தங்கவயலில் கண்டவனுக்கு நிலம் வாங்கும் வழியே இல்லை. கண்டதனாலேயே ஐயத்துக்குரியவன் ஆனான். பொன் திருட்டைத் தடுப்பதற்கெனச் சட்டமும் சோதனையும் இருந்தன. தொழிலாளர் கைரேகை பதிய வேண்டும் என்ற விதியை எதிர்த்து 1930இல் நிகழ்ந்த பெருவேலைநிறுத்தம் மூன்று வாரம் நீடித்தது. இவ்வரலாற்றை அறிந்த கேட்போர் முன், அவ்வுவமையில் வரும் மகிழ்ச்சியை மட்டும் எடுத்துரைப்பது போதாது. விற்று வாங்கும் உரிமை எவர்க்கு உண்டு என்ற வினா தானே எழும்.

தங்கவயல் தமிழர் எளிதில் பாடம் கேட்டு அமையும் மக்களும் அல்லர். 1907 முதல் அயோத்திதாசப் பண்டிதரின் இதழை வாசித்து, மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டு, சாம்பியன் ரீப்பில் சித்தார்த்த புத்தகசாலையை நடத்தி, நூல்களை மறுவாசிப்புச் செய்த சமூகம் அது. அவ்வூரின் கிறித்தவ உரையும் இந்த வாசகரிடையேதான் எழுந்தது. அதன் தரத்தை அளக்கும்போது இப்பின்புலம் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

நூலின் பொன்னிழை இன்னும் இரண்டிடங்களில் தொடர்கிறது. 3ஆம் அதிகாரத்தில் யோபு, புதையலைத் தோண்டுவோரினும் ஆவலாய்ச் சாவைத் தேடுவோரைப் பேசுகிறான். 42:11இல் உறவினர் அவன் வீட்டுக்கு வந்து, உடன் உண்டு, அவன் துயருக்கு வருந்தி, ஆளுக்கொரு பொன் வளையத்தைக் கொடுக்கின்றனர். அங்கு யோபு பொன்னாக மாறவில்லை. எவரும் அவனுக்குப் பாடம் உரைக்கவும் இல்லை. பொன் அங்குப் பொன்னாகவே ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் செல்கிறது.