அடர்த்தியை எங்கிருந்து தொடங்குவது?

தரம் 9 விஞ்ஞானத்தில் அடர்த்தி வருகிறது. திணிவைக் கனவளவால் வகுத்தால் அடர்த்தி. பிள்ளைகள் இதை ஒரே பாடவேளையில் மனனம் செய்து, கணக்கையும் சரியாகப் போட்டுவிடுவார்கள். பிறகு ஓர் இரும்புக் கட்டியை இரண்டாக வெட்டினால் அதன் அடர்த்தி என்ன ஆகும் என்று கேட்டால், "பாதியாகும்" என்பார்கள் பலர். கேரொல் சிமித், சூசன் கேரி, மரியான் வைசர் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதன் வேரைக் காட்டியது: சிறு பிள்ளைகளின் மனத்தில் நிறையும் அடர்த்தியும் பிரியாமல், 'பாரம்' என்ற ஒரே எண்ணமாகக் கிடக்கின்றன. சூத்திரத்தால் அந்த முடிச்சு அவிழாது.

துணிக்கைகள் நெருக்கமாக இருந்தால் அடர்த்தி கூடும் என்று படம் வரைந்து விளக்குவது அடுத்த வழி. மலையகப் பிள்ளைக்கு இது உடனே பிடிபடும். தொழிற்சாலையில் ஒரு கிலோ டஸ்ட் தேயிலை அடைக்கும் இடத்தைவிட, ஒரு கிலோ ஓ.பி. இலைத் தேயிலை அதிக இடம் கேட்கும். நீண்டு சுருண்ட இலைகளுக்கிடையே காற்று நிற்கிறது. ஆனால் அது குவியலின் அடர்த்தி, இலையின் அடர்த்தி அல்ல. அதே விளக்கத்தை உலோகத்துக்குக் கொண்டுபோனால் பொய்த்துவிடும். ஒரு கனசென்ரிமீற்றர் அலுமினியம் 2.7 கிராம், தங்கம் 19.3 கிராம். இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கையோ ஏறக்குறைய ஒன்றுதான்! தங்க அணு ஒன்றின் திணிவு அலுமினிய அணுவினதைப்போல் ஏழு மடங்குக்கு மேல், வேறுபாடு அங்கேதான். மிதத்தல், மூழ்கலில் தொடங்கினால் இரும்புக் கப்பல் குறுக்கே வந்து, பேச்சு வடிவத்தின் பக்கம் திரும்பிவிடும்.

என் தீர்ப்பு அளத்தலுக்கே. ஆற்றங்கரையில் ஒரே வகைக் கற்களைச் சிறிதும் பெரிதுமாகப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் நிறுத்து, அளவுச்சாடி நீரில் மெல்ல இறக்கட்டும். 54 கிராம் கல் நீரை 20 மில்லிலீற்றர் உயர்த்தினால், 135 கிராம் கல் 50 அளவில் உயர்த்தும். கல்லில் குமிழி ஒட்டும், கண் மட்டம் தவறும், புள்ளிகள் கொஞ்சம் சிதறும். ஆனாலும் வரைபுத்தாளில் கனவளவைக் கிடையாகவும் திணிவை நிலைக்குத்தாகவும் குறித்தால், அவை ஒரு நேர்கோட்டை அண்டியே விழும். கல்லை உடைத்தால் புள்ளி அதே கோட்டில் கீழே இறங்கும். கோட்டின் சரிவு மாறாது. அந்தச் சரிவுதான் அடர்த்தி. இதற்கு நேரம் போதாது என்பது நியாயமான முறைப்பாடு. இரண்டு பாடவேளையாவது வேண்டும். கருவி இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். சமையலறைத் தராசும், மில்லிலீற்றர் கோடு போட்ட பால்போத்தலும் போதும், போத்தல் வாய்க்குள் போகும் கல்லாகப் பார்த்து எடுத்தால் சரி.

இத்தனை பாடுபட்டு எதற்கு என்று பிள்ளை கேட்டால், பொல்பிட்டியவில் பதில் கண்முன்னே இருக்கிறது. லக்சபான நீர்த்தேக்கத்தின் நீர் சுரங்கவழியே இறங்கி, அங்கே 1969இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. நீர்த்தேக்கத்தைத் தராசில் ஏற்ற யாராலும் முடியாது. கனவளவைத்தான் அளக்கலாம். ஒரு கனமீற்றர் நீர் 1,000 கிலோகிராம். அது 100 மீற்றர் விழுந்தால் ஏறக்குறைய 9,80,000 யூல், அதாவது இழப்புகளைக் கழிக்குமுன் 0.27 அலகு மின்சாரம். கனவளவிலிருந்து திணிவுக்குப் போக அடர்த்தியைத் தவிர வேறு பாதை இல்லை.

ஆகவே கல், கோடு, நீர்த்தேக்கம், அதன்பின் சூத்திரம் என்ற வரிசையே சரி. துணிக்கைப் படம், பிள்ளைகள் அணுத்திணிவைப் படிக்கும்வரை காத்திருக்கட்டும்.