மெமோகிராம் படத்தை வாசிக்கும் கலை

மார்பகத்தின் எக்ஸ்ரேயான மெமோகிராம் படத்தில் கொழுப்பு கருமையாகவும் சுரப்பித் திசு வெண்மையாகவும் தெரியும். கட்டியும் வெண்மைதான்; அதனால் சுரப்பித் திசு மிகுந்த அடர்ந்த மார்பகத்தில் அதைத் தேடுவது வெள்ளைத் துணியில் வெள்ளை நூலைத் தேடுவது. அங்கே அல்ட்ராசவுண்ட் துணைக்கு வருகிறது.

ஒவ்வொரு மார்பகத்துக்கும் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று என இரண்டு படங்கள். கதிரியக்க மருத்துவர் இடதையும் வலதையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார். கட்டியின் ஓரம் சீராக உருண்டிருந்தால் பெரும்பாலும் தீங்கில்லை. முள்முள்ளாக நீண்டால் கவலை. பெரிய சுண்ணாம்புப் படிவுகளைக் கடந்துபோகும் கண், கொத்தாகச் சேர்ந்த நுண்துகள்களில் நின்றுவிடும். அந்த நிதானம் அழகு.

முடிவு 0 முதல் 6 வரையிலான பைராட்ஸ் (BI-RADS) என்ற மதிப்பீட்டு எண்ணாகிறது. 0 நற்செய்தியல்ல; மேலும் படம் வேண்டும், அல்லது பழைய படம் வேண்டும் என்று பொருள். மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சுங்கை பட்டாணிக்கோ அலோர் ஸ்டாருக்கோ செல்லும் பெண், முன்பு எடுத்த படத்தையும் கொண்டுபோனால் தேவையற்ற ஊசிச் சோதனையைத் தவிர்க்கலாம். 3 என்றால் புற்றுநோய் வாய்ப்பு 2 விழுக்காட்டைத் தாண்டாது. ஆறு மாதத்தில் மறுபடம். 4, 5 என்றால் ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பார்கள். படம் 5 என்று சொல்லியும் திசுவில் புற்று தெரியாவிட்டால், மருத்துவர் அத்துடன் விடுவதில்லை. மறுபடி திசு எடுக்கச் சொல்கிறார்.