காலின் மெக்கன்சி: வாழ்வும் எழுத்தும்

காலின் மெக்கன்சி (1754 - மே 8, 1821) கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பொறியாளர், நில அளவையாளர், சுவடித் தொகுப்பாளர். இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராகப் பணியாற்றினார். தென்னிந்திய ஊர்களின் வரலாறுகள், கல்வெட்டுப் படிகள், ஓவியங்கள் அடங்கிய மெக்கன்சி சுவடித் தொகுப்பு அவர் பெயரால் அறியப்படுகிறது.

வாழ்க்கை, ராணுவப் பணி

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஸ்டோர்னோவே என்ற ஊரில் பிறந்தார். அங்கே சுங்கத்துறையில் வேலை பார்த்தார். 1783-ல் சென்னைக்கு வந்து ராணுவத்தில் சேர்ந்து, பின்னர் பொறியாளர் பிரிவுக்கு மாறினார். இந்தியக் கணிதத்தை அறியும் ஆர்வத்தால் மதுரையில் பண்டிதர்களுடன் பழகினார். மைசூர்ப் போர்களில் பங்கெடுத்தார். 1792-க்குப் பின் நிஜாமின் எல்லைப் பகுதிகளை அளக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. திப்பு சுல்தான் வீழ்ந்தபின் 1800 முதல் மைசூர் நாட்டின் அளவையை நடத்தினார். 1811 முதல் 1813 வரை ஜாவாவில் இருந்தார். 1815-ல் இந்தியாவின் தலைமை நில அளவையாளரானார்.

எழுத்துகள்

மெக்கன்சி நூலாசிரியர் அல்லர். அவர் எழுதியவை அளவை அறிக்கைகள், கடிதங்கள், 'ஏஷியாடிக் ரிசர்ச்சஸ்' ஒன்பதாம் தொகுதியில் வந்த சமணர் பற்றிய கட்டுரை போன்ற சில ஆக்கங்கள் மட்டுமே. அவற்றின் நடை அறிக்கைக்குரியது. தகவலைச் சொல்லி நின்றுவிடுவது. சேகரித்தவற்றைத் தொகுத்து விரிவான வரலாறு எழுதும் எண்ணம் நிறைவேறாமலே கல்கத்தாவில் மறைந்தார்.

அவர் எழுத்துகளில் முதன்மையானது 1817-ல் இலங்கைத் தலைமை நீதிபதி அலெக்சாண்டர் ஜான்ஸ்டனுக்கு எழுதிய கடிதம். தன் வரலாறாகவே அதைப் படிக்கலாம். இந்தியாவுக்கு வந்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் போரிலும் பயணத்திலும் கழிந்தன என்றும், உள்ளூர் மொழிகளைத் தான் கற்கவில்லை என்றும் அதில் ஒப்புக்கொள்கிறார். காவலி வெங்கட போரய்யாவைச் சந்தித்த பிறகே இந்திய அறிவுலகின் வாசல் தனக்குத் திறந்தது என்கிறார். அதிகாரத்தில் இருந்த ஒருவர் தன் குறையை இப்படிப் பதிவு செய்தது அக்காலத்தில் அரிது.

தொகுப்பு

மெக்கன்சியின் மறைவுக்குப்பின் அவர் மனைவியிடமிருந்து கம்பெனி அரசு தொகுப்பை விலைக்கு வாங்கியது. எச். எச். வில்சன் 1828-ல் அதற்கு அட்டவணை வெளியிட்டார். அக்கணக்கின்படி 1,568 இலக்கியச் சுவடிகள், 2,070 உள்ளூர் வரலாறுகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 2,630 ஓவியங்கள், 6,218 நாணயங்கள் இருந்தன. ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. இன்னொரு பகுதி லண்டனில் உள்ளது.

விமர்சனம்

இத்தொகுப்பின் ஆசிரியர் யார் என்பது முதன்மையான கேள்வி. ஊர் ஊராகச் சென்று கணக்கர்களிடமும் பாளையக்காரர்களிடமும் பெரியவர்களிடமும் கேட்டு எழுதியவர்கள் போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா முதலிய உதவியாளர்கள். போரய்யா 1803-ல் மறைந்தபின் லட்சுமய்யா அப்பணியைத் தலைமையேற்று நடத்தினார். மெக்கன்சி இறந்தபின் பணியைத் தொடர அவர் அனுமதி கேட்டார். மேற்பார்வையிடும் திறன் இந்தியர் ஒருவருக்கு இராது என்று கல்கத்தா ஏஷியாடிக் சங்கத்தினர் மறுத்தனர். பணி பாதிரியார் வில்லியம் டெய்லருக்குப் போனது. மெக்கன்சி கடிதத்தில் அளித்த இடத்தை நிறுவனம் பறித்தது என்றே இதைச் சொல்லவேண்டும்.

வரலாற்றாய்வாளர் நிக்கலஸ் டர்க்ஸ் இத்தொகுப்பைக் காலனிய அரசின் அறிவுச் சேகரமாகப் பார்த்தார். ஃபிலிப் வாகனர் அதை மறுத்து, கல்வெட்டைச் சான்றாகக் கொள்ளும் முறையை உருவாக்கியதில் காவலி சகோதரர்களின் பங்கைக் காட்டினார். இரண்டும் உண்மையின் இரு பக்கங்கள். அளவைக்குப் பணம் தந்தது வரி வசூலிக்கும் அரசு. ஆனால் ஏடுகளில் பதிவானது ஊராரின் குரல். அக்குரலையும் அப்படியே நம்பிவிட முடியாது. நில உரிமைகள் கேள்விக்குள்ளான காலத்தில் பாளையக்காரர்கள் தம் குலவரலாற்றை உரிமைப் பத்திரமாகவும் சொன்னார்கள். எனவே இவற்றைக் கல்வெட்டுடன் ஒப்பிட்டே பயன்படுத்தவேண்டும்.

பண்பாட்டு இடம்

1798 வாக்கில் மெக்கன்சி அமராவதி தூபியைக் கண்டார். 1816-ல் மீண்டும் சென்றபோது அதன் சிற்பக்கற்களில் பல கட்டுமானத்துக்கும் சுண்ணாம்புக்கும் போய்விட்டிருந்தன. எஞ்சியவற்றை வரையச் செய்தார். அவற்றிலும் பல பின்னர் அழிந்தன. இன்று ஓவியங்களே சான்று. அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரத்திலும் 1836-ல் கீழணை கட்டக் கோயில் மதிற்கற்கள் எடுக்கப்பட்டன. அரியலூரும் உடையார்பாளையமும் பாளையங்களாக இருந்தவை. ரெட்டிபாளையம் போன்ற ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. பெருநூல்களில் இடம்பெறாத இத்தகைய சிற்றூர்களின் நினைவை எழுத்தில் ஏற்றத் தகுந்தது என்று கருதியதே மெக்கன்சியின் முதன்மைப் பங்களிப்பு. அதை எழுதியவர்களின் பெயர்களையும் சேர்த்துச் சொல்வது வாசிப்பவரின் கடமை.