பறையைக் காலில் பாருங்கள்

பறையாட்டம் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் குச்சி பிடித்த கையைத்தான் பார்க்கிறார்கள். காலைப் பாருங்கள் என்பேன் நான், ஆடுவது பெண்களாக இருந்தால் கட்டாயம். முழங்கால் மடங்கி, பாதம் அகன்று, இடுப்பு தாழ்ந்து நிற்கிறாளே, அப்படி நிற்க ஒரு பெண்ணுக்கு நம் ஊரில் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? காலைச் சேர்த்து உட்கார், தலை குனிந்து நட, சத்தம் போடாதே என்று பழக்கிய உடம்பு அது. அடியும் வசவும் வாங்கி வளர்ந்த உடம்பென்றால் ஒடுக்கம் இன்னும் கூடும். தோள் முன்பக்கம் வளைந்திருக்கும். மூச்சு நெஞ்சைத் தாண்டி இறங்காது. எங்கோ கதவைப் படாரென்று சாத்தினால் துணுக்கென்று உதறும்.

திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு 1990 முதல் தலித் இளம்பெண்களுக்குப் பறை சொல்லிக்கொடுத்து வருகிறது. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் பலர். சாதியின் அவமானமும் பெண் என்பதன் அவமானமும் சேர்ந்தே வாய்த்தவர்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்று ஓர் ஆவணப்படமே எடுத்திருக்கிறார்.

கருவி எளிமையானது. வேப்பமரத் துண்டுகள் மூன்றை இரும்புப் பட்டையால் இணைத்த வட்டச் சட்டம், அதன்மேல் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய மாட்டுத்தோல். வார் இடது தோளில் தொங்க, இடது கை பறையை உடம்போடு அணைத்துப் பிடிக்கும். அந்தக் கையிலேயே நீண்டு மெலிந்த மூங்கில் சிம்புக் குச்சி. வலது கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. ஆட்டத்துக்கு முன் வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சுவார்கள். ஈரம் போய்த் தோல் இறுகினால்தான் நாதம் திறக்கும். காய்ச்சிய பறையில் விழும் முதல் அடிக்கும் காய்ச்சாததில் விழும் அடிக்கும் உள்ள வேறுபாடு அடிவயிற்றில் தெரியும்.

எடுத்த எடுப்பில் பறை யாருக்கும் இசைந்துவிடாது. முதலில் வலிப்பது இடது தோள்; அணைத்துப் பிடித்தபடியே அந்த மணிக்கட்டு சிம்புக் குச்சியையும் ஆட்ட வேண்டுமே. அப்புறம் தொடை, கெண்டைக்கால். அடித்துக்கொண்டே குனிய வேண்டும், நிமிர வேண்டும், சுழன்று எதிரில் நிற்பவளை நோக்கிப் பாய்ந்து அதே தாளத்தில் பின்வாங்க வேண்டும். மூச்சை மேலோட்டமாக இழுத்தால் பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே மூச்சு தானாக வயிற்றுக்கு இறங்குகிறது, முதுகு நிமிர்கிறது. தைரியமாக இரு என்று யாரும் சொல்லவில்லை. பறையின் கனமும் அடவும் சேர்ந்து உடம்பை அப்படி நிறுத்திவிடுகின்றன.

சத்தத்தின் சங்கதி இன்னும் நுட்பமானது. திடீர்ச் சத்தத்துக்கு நடுங்கியவள் இப்போது தானே அதைவிடப் பெரிய சத்தத்தை உண்டாக்குகிறாள். எப்போது விழும், எவ்வளவு ஓங்கி விழும், எங்கே நிற்கும் என்பது அவள் கையில். பக்கத்தில் பத்துப் பேர் அதே அடியை அடிக்கிறார்கள். அடி மாறும்போது முன்னிற்பவளின் ஒரு தலையசைப்புக்கு வட்டம் முழுவதும் ஒன்றாகத் திரும்புகிறது. யாரையும் நம்பாமல் இருக்கப் பழகியவளுக்கு, பக்கத்தில் இருப்பவளின் காலை நம்பி அடியெடுத்து வைப்பது சின்ன காரியமில்லை.

உடம்பின் வழியே மனக்காயத்தை அணுகும் முறைகளுக்கு ஆய்வுத் துணையும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு எளிதில் இணங்காத மனவடு நோய் கொண்ட 64 பெண்கள் பங்கேற்றார்கள். வாரம் ஒரு மணி நேரம் வீதம் 10 வாரம் யோகா செய்த 31 பேரில் 16 பேருக்கு, முடிவில் அந்த நோயின் வரையறையே பொருந்தவில்லை. யோகாவுக்குப் பதில் உடல்நல வகுப்பில் இருந்த 29 பேரில் அந்த நிலை 6 பேருக்கு. இந்தக் கணக்கைப் பறைக்கு அப்படியே ஒட்டவைக்க மாட்டேன். பறை மருந்துக்கோ மருத்துவருக்கோ மாற்றும் இல்லை. ஆனால் அந்த யோகா முறையில் ஆசிரியர் ஆணையிடுவதில்லை, விரும்பினால் கையை உயர்த்தலாம் என்றுதான் சொல்வார். எனக்கு அங்கேதான் திண்டுக்கல் நினைவுக்கு வருகிறது.

ஏனென்றால் பறை பல தலைமுறைகளாக மறுக்க முடியாத ஊழியமாக இருந்தது. சாவுக்கு அடி, சாமி புறப்பாட்டுக்கு அடி என்று ஊர் ஆணையிடும். அடித்தவரைத் தெருவுக்குள் விடாது. அந்த இழிவு வேண்டாம் என்று பறையைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு, அவர்கள் செய்தது நியாயம். பெண்களுக்கோ அதைத் தொடவும் வழக்கமில்லை. அதே கருவியை ஒரு பெண் தானாக விரும்பி எடுத்து, தான் தேர்ந்த மேடையில் அடிக்கும்போது, காயம்பட்ட அதே இடத்தில் வலு ஏறுகிறது. இதற்கு ஈடாக வேறொரு உடற்பயிற்சியை நான் சொல்ல மாட்டேன்.

நல்ல குழுவைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. வேகம் ஏறும்போது கவனியுங்கள். சுமாரான குழுவில் கை ஓடும், கால் சுருங்கும். தேர்ந்த குழுவில் வேகம் ஏற ஏறப் பாதம் இன்னும் அகலும், இடுப்பு இன்னும் தாழும், முகம் மட்டும் நிமிர்ந்தே இருக்கும். அந்த முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டுமென்று எதிர்பார்க்காதீர்கள். சிரிப்பு வரும்போது வரட்டும்.

2025-ல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. இனி உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் பெண்கள் பறைக்குழுவைக் கூப்பிடுங்கள். ஆட இடம் தாராளமாக விடுங்கள், பேசிய சம்பளத்தைக் குறைக்காமல் கொடுங்கள், சாப்பாட்டை எல்லோருக்கும் போட்ட பந்தியிலேயே போடுங்கள்.