தாகூரின் ‘அஞ்சலக’மும் நம் குழந்தைகளின் மேடையும்

சங்கத்தின் ஆண்டு விழா என்றால் குழந்தைகள் நாடகம் ஒன்றேனும் இல்லாமல் நிறைவு பெறுவதில்லை. பல்லாண்டுகளுக்கு முன் அத்தகைய விழா ஒன்றில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கட்டபொம்மனாக வந்து நின்றான். 1959-இல் வெளிவந்த திரைப்படத்தின் வழியாக நம் அனைவருக்கும் மனப்பாடமாகிவிட்ட அந்த வீர உரையை ஓர் எழுத்துப் பிழையுமின்றி முழங்கினான். அரங்கம் அதிர்ந்தது, நாமும் கைதட்டினோம். பின்னர்த் திரைக்குப் பின்னால் சென்று, “நன்றாகப் பேசினாய், தம்பி. திறை என்றால் என்ன?” என்று கேட்டோம். சிறுவன் தன் தாயாரின் முகத்தைப் பார்த்தான். அவன் கையில் மடித்து வைத்திருந்த தாளில் அந்த உரை முழுவதும் தேவநாகரி எழுத்தில் எழுதப்பட்டிருந்தது.

அந்தத் தாயாரைக் குறை சொல்ல நாம் முன்வரவில்லை. அலுவலகத்திலிருந்து திரும்பி, அடுப்படி வேலையையும் முடித்து, ஒரு மாத காலம் இரவுதோறும் மகனுக்கு அவ்வுரையைச் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஆயினும் அந்த ஒரு மாத உழைப்பில் சிறுவனுக்குத் தமிழ் கிட்டியதா, ஒலி மட்டும் கிட்டியதா என்ற ஐயம் அன்று முதல் நம்மை விட்டு அகலவில்லை. இரவீந்திரநாத தாகூரின் ‘டாக்கர்’ நாடகத்தை, அதாவது ‘அஞ்சலக’த்தை, மீண்டும் எடுத்துப் படிக்கத் தூண்டியது அந்த ஐயந்தான்.

1901-இல் சாந்திநிகேதனத்தில் தாம் தொடங்கிய பள்ளியில் நாடகத்தை விழாக்கால அலங்காரமாகத் தாகூர் கருதவில்லை. மாணவர்கள் நடிப்பதற்கென்றே எழுதினார். 1908-ஆம் ஆண்டின் ‘சாரதோத்சவம்’ அவ்வாறு பிறந்ததே. 1912-இல் நூலாக வந்த ‘அஞ்சலகம்’ அளவிற் சிறியது. மாதவ தத்தர் என்பவர் எடுத்து வளர்க்கும் அமல் என்னும் சிறுவன் நோயுற்றிருக்கிறான். வெளிக்காற்றும் வெயிலும் ஆகாவென்று வைத்தியர் தடுத்துவிடுகிறார். சன்னலோரத்தில் அமர்ந்து தெருவில் போவோர் வருவோரோடு பேசுவது ஒன்றே அவனுக்கு எஞ்சிய உலகம். எதிரே அரசரின் அஞ்சலகம் ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது. தனக்கும் ஒரு நாள் அரசரின் கடிதம் வருமென்று அவன் காத்திருக்கிறான். கதை இவ்வளவே.

நாம் திரும்பத் திரும்பப் படிக்கும் பகுதி தயிர்க்காரன் வரும் காட்சியாகும். வாங்காதவன் ஏன் கூப்பிட்டுப் பொழுதைக் கெடுக்கிறாய் என்று அவன் முதலில் சலித்துக்கொள்கிறான். அமலோ அவனுடைய ஊரை வருணிக்கத் தொடங்குகிறான். மலையடிவாரம், செம்மண் பாதை, பழைய பெருமரங்கள், மேயும் பசுக்கள், நீர் முகந்து செல்லும் பெண்களின் சிவப்புச் சேலை என ஒவ்வொன்றாகச் சொல்லுகிறான். நீ எங்கள் ஊருக்கு வந்திருக்கிறாயா என்று வியக்கிறான் தயிர்க்காரன். அமல் ஒருநாளும் சென்றதில்லை. பிறகு, தயிர் விற்கும் கூவலைத் தனக்குக் கற்றுக் கொடுக்கும்படி அவன் கெஞ்சுகிறான். தயிர் விற்பதில் இத்தனை இன்பமா என்பதைக் கடைசியில் அறிந்துகொண்டு போகிறவன் தயிர்க்காரனே!

பாவனை விளையாட்டு என்பது இதுதான். அங்கே குழந்தை பிறனாகிப் பார்க்கிறது. அதற்கு வேண்டிய சொல்லைத் தானே தேடிக்கொள்கிறது. தேடிக் கண்ட சொல் மறப்பதில்லை. சிறுவர் கூட்டம் வரும்போது அமல் தன் பொம்மைகளையெல்லாம் அவர்களிடம் கொடுத்து, தன் சன்னலுக்கு எதிரே விளையாடச் சொல்லுகிறான். எழ முடியாத நிலையிலும் ஆட்டத்தை நடத்துபவன் அவனே. இதற்கு நேர் எதிராக நிற்பவர் மாதவ தத்தர். பையன் ஏடுகளைப் படித்துப் பண்டிதனாக வேண்டும் என்பது அவர் ஆசை. அன்பில் குறைவற்றவர், கொடுமை அறியாதவர். நம் வீடுகளில் பெரும்பாலானவற்றில் இருப்பவர் அவரே என்று சொன்னால் யாரும் வருந்தலாகாது.

நாடகத்தின் பிற்பகுதி நமக்கு அவ்வளவு நிறைவளிக்கவில்லை. அமல் படுக்கையில் விழுந்தபின் பாட்டனாரும் அரச வைத்தியரும் பேசும் பேச்சில் உருவகம் மிகுந்து, முதியோரின் தத்துவம் மேலோங்கிவிடுகிறது. தெருச் சிறுவர்களுக்கு அங்கே வேலையில்லை. பூக்காரியின் மகள் சுதா மலர்களோடு திரும்பி வந்து, உறங்கிவிட்ட அமலிடம் ஒரு சொல் விட்டுச் செல்லும் அந்தக் கடைசி நொடியில்தான் நாடகம் மீண்டும் குழந்தைகளின் கைக்கு வருகிறது.

சாவின் நிழல் படிந்த நாடகம் குழந்தைகளுக்கு ஆகுமா என்று கேட்போர் உளர். வார்சா நகரில் நாசிகள் அடைத்து வைத்த யூதச் சேரியில், மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக் நடத்திய அநாதை இல்லத்தில் 1942 சூலை 18 அன்று குழந்தைகள் நடித்தது இந்நாடகத்தைத்தான். அடுத்த மாதத் தொடக்கத்தில் கோர்ச்சாக்கும் ஏறத்தாழ 200 குழந்தைகளும் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். குழந்தைகளுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று வரையறுக்குமுன் நாம் சற்றே தயங்க வேண்டும்.

மனப்பாடமே தீது என்று நாம் வாதிடவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் சிறுவர்கள் முழு நாடகங்களையே நெட்டுருச் செய்தார்கள், டி. கே. எஸ். சகோதரர்கள் அப்பயிற்சியில் வளர்ந்தவர்களே. ஆனால் அச்சிறுவர்கள் காலை விழித்தது முதல் இரவு உறங்கும் வரை தமிழிலேயே வாழ்ந்தனர். சண்டையும் தமிழில், பசியும் தமிழில். பாடம் செய்த சொல் வேரூன்ற மண் இருந்தது. பள்ளியில் ஒரு மொழியும் தெருவில் வேறொரு மொழியும் பேசி, இரவு உணவின் போது மட்டும் தமிழைக் கேட்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த மண்ணை யார் கொணர்ந்து கொட்டுவது?

இந்த எண்ணத்தோடுதான், சென்ற ஆண்டு விழாவுக்கு முன், நாமும் சில பெற்றோரும் ‘அஞ்சலக’த்தின் சன்னல் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒன்பது குழந்தைகளைக் கூட்டினோம். எழுதிய உரை எதுவும் தரவில்லை. கதையைச் சொன்னோம், மற்றதை அவர்களிடம் விட்டோம். முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீணாயின என்றே தோன்றியது. இந்தியும் ஆங்கிலமும் கலந்து, பாதி வாக்கியத்தில் நின்று, சிரித்து ஓடினார்கள். திருத்த வாயெடுத்த பெரியவர் ஒருவரை மிகவும் சிரமப்பட்டு அமர்த்தி வைத்தோம்.

மூன்றாம் வாரம் அமலாக அமர்ந்த பெண் குழந்தை தயிர்க்காரனின் ஊரை வருணிக்க வேண்டிய இடம் வந்தது. அவள் தமிழ்நாட்டுச் சிற்றூர் எதையும் கண்டவளல்லள். பாட்டி சொல்லக் கேட்டதுண்டு. “உங்க ஊர்ல கெணத்துப் பக்கத்துல ஒரு புளியமரம் இருக்கு. ராத்திரி அது கிட்ட யாரும் போகமாட்டாங்க. வாசல்ல திண்ணை இருக்கு, தாத்தா அதுலயே தூங்குவார்” என்று தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. பார்த்திராத ஊர், பழுதில்லாத தமிழ். மூலையில் அமர்ந்திருந்த பாட்டி, திண்ணையில் உறங்கியது தாத்தா அல்லர், அவர் தம்பி என்று திருத்தினார். குழந்தை ஏற்கவில்லை.

பிறகு தயிர்க்காரனாக நடித்த சிறுவன் நம்மிடம் வந்து, தமிழில் தயிரை எப்படிக் கூவி விற்பார்கள் என்று கேட்டான். பால்காரரும் பொட்டலத் தயிரும் தவிர வேறறியாதவன் அவன். தஞ்சைப் பக்கத்தார் ஒருவர் ஒரு விதமாகக் கூவிக் காட்டினார். அப்படியில்லை என்று நெல்லைக்காரர் எழுந்து வேறொரு விதமாகக் கூவினார். தயிர்க்காரி தலையில் பானையோடு வருவாளேயன்றித் தயிர்க்காரன் ஏது என்று ஓர் அம்மையார் குறுக்கிட்டார். குழந்தைகள் மூவர் கூவலையும் மாற்றி மாற்றிக் கூவிக்கொண்டு மாடிப்படிகளில் ஏறி இறங்கினர். அன்று ஒத்திகை முடிய இரவு ஒன்பது மணியாயிற்று.